குழாய் எட்டும் தூரம்: மலையகச் சிறுநகரமொன்றின் கலி பவுசர் சேவை

மலசலகூடக் குழி நிரம்பியதும் நகர சபையில் பணம் கட்டிக் கலி பவுசரை, அதாவது குழியில் இருப்பதை உறிஞ்சி எடுத்துச் செல்லும் வண்டியை, வரவழைப்பது, மலையக நகரங்களில் வீடோ கடையோ விடுதியோ வைத்திருக்கும் எல்லோருக்கும் சில வருடங்களுக்கு ஒரு தடவை வந்துசேரும் வேலை. பணம் கொடுத்துப் பெறும் சேவையாக இருந்தும் அதன் தரத்தைப் பற்றி யாரும் எழுதக் காண்பதில்லை. நாற்றம் பிடித்த விடயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அண்மையில் அந்தச் சேவையை மீண்டும் பெற்றுக்கொண்டவன் என்ற முறையிலும், அதற்கு அடிப்படையாக உள்ள கழிவுநீர் விதிகளை ஒழுங்காகப் பின்பற்ற விரும்புகின்றவன் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தின் மாடியில் தங்கும் அறைகள் சில இருக்கின்றன. கீழே வீதியைப் பார்த்த பகுதியைச் சாப்பாட்டுக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பின்புறத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். ஆகையால் வீட்டுக்குரிய விதிகளும் வியாபாரத்துக்குரிய விதிகளும் ஒரே கூரையின் கீழ் எங்களைக் கட்டுப்படுத்துகின்றன. சபையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லும் குறைகள் ஒரு சபைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைப் பக்கத்து நகரங்களில் இருக்கும் உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவுசரோடு வந்த தொழிலாளர்களின் வேலைக்கு 5க்கு 5 புள்ளிகள் கொடுப்பேன். அலுவலக நடைமுறைக்கு 3 புள்ளிகள். விதிகளின் உள்ளடக்கத்துக்கு 4. ஆனால், அந்த விதிகளுக்கு எல்லோரும் கட்டுப்பட்டு நடக்கக்கூடிய விதத்தில் சேவை போய்ச் சேருகிறதா என்று கேட்டால், 1க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. வீதியோரத்தில் குடியிருப்பவர் சட்டத்துக்கு அமைய நடந்துகொள்ளலாம். வீதிக்குக் கீழே பள்ளத்தில் குடியிருப்பவர் விரும்பினாலும் அப்படி நடக்க வழியில்லை என்ற நிலைதான் இன்று எங்கள் நகரத்தில் இருக்கிறது.

விதிகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் பவுசர் சேவையின் தேவையே அவற்றிலிருந்துதான் பிறக்கிறது. நிலத்தடிக் குழாய்கள் வழியாகக் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் வசதியை அனுபவிப்பவர்கள் இலங்கையின் சனத்தொகையில் 2, 3 சதவீதத்தினர் மட்டுமே. மலைநாட்டில் கண்டி நகரத்துக்கு ஜப்பானின் கடனுதவியோடு அப்படியொரு திட்டம் கிடைத்தது. மற்ற நகரங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் மலக்கழிவு தங்கும் ஒரு மூடிய செப்டிக் தாங்கி, அதற்குப் பக்கத்தில் அதன் நீரை மண்ணுக்குள் இறக்கும் ஓர் உறிஞ்சு குழி, வீதியோரத்தில் மழைநீருக்காகக் கட்டப்பட்ட கான்; இவ்வளவுதான் கழிவுநீர் வசதி. கானில் விடுவது ஓயா என்னும் சிற்றாற்றுக்குப் போகிறது, ஓயாவில் விழுவது கங்கை என்னும் பெரிய ஆற்றுக்குப் போகிறது. இடையில் அதைச் சுத்தம் செய்யும் நிலையம் எதுவும் கிடையாது. இதனால்தான் மலசலகூடத்திலிருந்தோ செப்டிக் தாங்கியின் வெளிவாயிலிருந்தோ வீதிக் கானுக்குக் குழாய் போடுவது தடுக்கப்பட்டிருக்கிறது. 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ்ப் பொது சுகாதாரப் பரிசோதகர் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம் வடிகான்களையும் மலசலகூடங்களையும் சபையின் பொறுப்பில் வைக்கிறது. வியாபார நிலையங்களைப் பொறுத்தவரை, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் கீழ் வழங்கப்படும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. சிறிய முயற்சிகளுக்கான அனுமதிப்பத்திரத்தை உள்ளூராட்சி சபையே வழங்குகிறது.

சுற்றாடல் விதிமுறைகளில் உள்ள ஓர் ஒப்பீட்டைக் கடைக்காரர்கள் அனைவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான கழிவுநீர் நியமங்களின்படி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் குழாயில் விடப்படும் நீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை (அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 350 மில்லிகிராம் வரை இருக்கலாம். எண்ணெயும் கொழுப்பும் 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதே நீரை நேரடியாக ஓயாவிலோ ஆற்றிலோ விடுவதானால் எல்லை முறையே 30 மில்லிகிராம், 10 மில்லிகிராம். சுத்திகரிப்பு நிலையம் உள்ள நகரத்தில் எஞ்சிய அழுக்கை அந்த நிலையம் நீக்கிவிடும் என்பதால் முதல் எல்லை தளர்ந்திருக்கிறது. எங்களைப் போன்ற நகரங்களில் அந்த நிலையம் இல்லை; ஆகவே வசதி குறைந்த இடத்தில் இருப்பவருக்குத்தான் கடுமையான எல்லை பொருந்துகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த எல்லை வேண்டும். ஆனால், எல்லையை விதிக்கும் அரசாங்கம் அதற்கு ஈடான சேவையையும் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

இனி அலுவலகத்துக்கு வருவோம். விண்ணப்பப் படிவம் சபையின் முன்கூடத்தில் கிடைக்கிறது. வரிப்பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் முகவரியையும் காட்ட வேண்டும். வீடா வியாபார நிலையமா என்பதைக் குறிப்பிட வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் வேறு. சபை எல்லைக்கு வெளியே போவதானால் தூரத்துக்கு ஏற்ற மேலதிகக் கட்டணமும் உண்டு. தொகைகள் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதாமல் விடுகிறேன். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டிய இடத்திலேயே பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள். அதற்கு மேல் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதையும் பாராட்டாகவே பதிவு செய்கிறேன். குறை என்னவென்றால், விண்ணப்பப் படிவம் மும்மொழியிலும் இருக்க, அதனோடு தரப்படும் நிபந்தனைத் தாள் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தாங்கிக்குள் எதைப் போடக்கூடாது, மழைநீரை ஏன் இணைக்கக்கூடாது, மூடியை எப்படி அமைக்க வேண்டும், கானில் விட்டால் என்ன நடவடிக்கை எடுக்கப்படும் என்பவை எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் தமிழில் பேசினார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்ட நாட்டில், வாசிக்க முடியாத நிபந்தனையில் ஒருவரைக் கையொப்பமிடச் செய்வது முறையல்ல. முகப்பில் இருந்த உத்தியோகத்தர் தமக்குத் தெரிந்த அளவுக்கு வாயால் விளக்கினார். அவருடைய நல்ல மனதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால், வீட்டுக்கு எடுத்துச்சென்று குடும்பத்தோடு வாசிக்க ஒரு தாள் வேண்டும்.

பவுசருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே பவுசர், அதுவும் அடிக்கடி பழுதுபார்க்கப் போகிறது. ஏப்ரல் பருவத்தில் விடுதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும்போது வீடுகளின் முறை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வரும் நாளை முந்திய மாலை தொலைபேசியில் அறிவித்தார்கள், சொன்ன காலைப்பொழுதில் வந்தும் சேர்ந்தார்கள்.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல வேலைக்கும் அரைகுறை வேலைக்கும் வேறுபாடு தெரிந்தால்தான் நாம் கேட்டுப் பெற முடியும். முதலில் இரண்டு மூடிகளையும் அலவாங்கால் நெம்பித் திறந்து, சிறிது நேரம் காற்றுப் போகவிட்டார்கள். உதவியாளர் இளைஞர் என்னிடம், "சேர், பீடி, சிகரட் பத்த வைக்கிற ஆளுங்க இருந்தா கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க, உள்ள கேஸ் இருக்கு" என்றார். மீத்தேன் தீப்பற்றும், ஐதரசன் சல்பைட்டு மூச்சை நிறுத்தும். மூடிய குழிக்குள் தலையை நீட்டியவர்களும், விழுந்தவரைத் தூக்க இறங்கியவர்களும் உயிரிழந்த செய்திகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். அந்த எச்சரிக்கையைச் சொல்லப் பழகியிருக்கும் ஒரு தொழிலாளிக்குச் சபை முழங்கை வரையான கையுறை கொடுத்திருந்தது, ஆனால் முகக்கவசம் கொடுக்கவில்லை. இது சபை உடனே திருத்த வேண்டிய குறை.

பிறகு, நீண்ட மூங்கில் கம்பொன்றின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, தாங்கியின் அடிவரை மெதுவாக இறக்கி எடுத்தார்கள். துணியில் கறுத்துப் படிந்த உயரத்தைப் பார்த்தால் அடியில் தங்கிய சேறு எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. மேலே, பாலில் ஏடு கட்டுவதைப் போல, கொழுப்பும் நார்ப்பொருள்களும் சேர்ந்து தடித்துக் கிடந்தன. மேல் ஏடும் அடிச்சேறும் சேர்ந்து தாங்கியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் அகற்ற வேண்டும் என்பதே பொதுவான கணக்கு; சாதாரண குடும்பத்துக்கு அது 3 முதல் 5 வருடங்களுக்கு ஒரு தடவை வரும். மலைநாட்டின் குளிரில் தாங்கிக்குள் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்கின்றன. ஆகையால், கீழ்நாட்டில் இருக்கும் ஒருவர் சொல்லும் கால அளவை அப்படியே நம்பியிராமல், இடையில் ஒரு தடவை கம்பு விட்டுப் பார்ப்பது நல்லது.

உறிஞ்சத் தொடங்கியபோது தடித்த ஏட்டைக் கம்பால் உடைத்து நீரோடு கலக்கினார்கள். அதைச் செய்யாமல் நடுவில் உள்ள நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும் தனியார் வண்டிகளும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தாங்கி வெறுமையானதும், உள்ளே வரும் வாயிலும் வெளியே போகும் வாயிலும் உள்ள, ஆங்கில T வடிவிலான டீ குழாய்கள் இருக்கின்றனவா என்று விளக்கடித்துக் காட்டினார்கள். வெளிவாய்க் குழாயின் கீழ்த்துண்டு உடைந்து விழுந்திருந்தது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கொழுப்பு நேரே உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். ஒரு முறை அடைபட்ட உறிஞ்சு குழியைத் திரும்பச் சரிசெய்வது ஏறத்தாழ முடியாத காரியம். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் அந்தக் குழாய்த் துண்டை வாங்கிப் பொருத்தும்வரை மூடியைச் சீமெந்து வைத்து அடைக்க வேண்டாம் என்று சொல்லிச் சென்றார்கள். அவர்கள் கடமையில் சேராத இந்த ஆலோசனைக்காகவே முழுப் புள்ளிகள் கொடுக்கிறேன். சாரதி புறப்படும் முன் குழாயைக் கழுவிய நீரையும் தாங்கிக்குள்ளேயே விட்டார், கானில் விடவில்லை.

கடைக்குரிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு முன் பரிசோதகர் வந்து, சமையலறைக் கழுவுநீர் கொழுப்புப் பொறியின் (எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்துத் தேக்கும் தொட்டியின்) ஊடாகச் செல்கிறதா என்று பார்த்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, கடைசியாக எப்போது கொழுப்பு வழித்தெடுக்கப்பட்டது என்று கடைக்காரத் தம்பியிடம் கேட்டார். வழித்ததைக் கானில் போடாமல் கட்டி, குப்பை வண்டியில் கொடுக்கச் சொன்னார். குளிரான ஊரில் எண்ணெய் சீக்கிரம் உறைவதால் பொறி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் நிரம்பியும் விடுகிறது. வாரம் தவறாமல் வழிக்க வேண்டும். பரிசோதகரின் பார்வை கண்டிப்பாக இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. ஒரே ஒரு ஆதங்கம்: அதே வீதியில் வாகனம் கழுவும் இடங்களிலிருந்து கறுப்பு எண்ணெய் கலந்த நீர் பட்டப்பகலில் கானில் ஓடுகிறது. சாப்பாட்டுக் கடைக்குக் காட்டும் கண்டிப்பை அங்கும் காட்ட வேண்டும்.

இப்போது என் முதன்மையான குறைக்கு வருகிறேன். பவுசரில் இருந்த குழாய்த் துண்டுகளை எல்லாம் ஒன்றோடொன்று மாட்டினாலும் ஏறத்தாழ 100 அடிதான் வரும். எங்கள் தாங்கி வீதி மட்டத்திலேயே இருப்பதால் சிக்கலில்லை. ஆனால் எங்கள் பின்மதிலுக்கு அப்பால் படிக்கட்டில் இறங்கினால், சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் ஓயாக்கரை வரை செல்கின்றன. அங்கே ஒரு வீட்டுக்கேனும் வாகனம் போகும் வழி கிடையாது. குழாயை நீட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளத்தைவிடப் பெரிய தடை ஆழம்தான். பவுசரின் பம்பி சேற்றை இழுப்பதில்லை. பவுசரில் உள்ள தாங்கிக்குள் வெற்றிடத்தை உண்டாக்குகிறது, வெளியிலுள்ள காற்றின் அழுத்தம்தான் சேற்றை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் முழு வெற்றிடத்தை உண்டாக்கினாலும் தண்ணீர் 10 மீற்றரளவுக்கு மேல் ஏறாது. 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அங்கே அது 8 மீற்றரளவாகச் சுருங்குகிறது. தடித்த சேறு, குழாயின் உராய்வு, தேய்ந்த பம்பி என்பவற்றையும் கழித்தால் நடைமுறையில் கிடைப்பது இன்னும் குறைவு. சமதரையில் ஓடுவதற்கென வாங்கிய பவுசரை மலைக்குக் கொண்டுவந்தால், அது குறைந்த பலத்தோடு கூடுதலான ஆழத்திலிருந்து தூக்க வேண்டியிருக்கிறது.

பள்ளத்தில் இருக்கும் அக்கா ஒருவர் படிக்கட்டில் நின்று எங்கள் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சென்ற வருடம் விண்ணப்பித்தவர்தான். பணம் கட்டிய பின் வந்து பார்த்த தொழிலாளர்கள் குழாய் எட்டாது என்று சொல்லிப் போய்விட்டார்கள். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அவர் பட்டபாடு வேறு. "நாங்க என்ன, காசு கட்ட மாட்டோம்னா சொல்றோம் தம்பி? குழாய்தானே எட்ட மாட்டேங்குது" என்றார். அவர்களுக்கு மூன்று வழிகள்தான் இருக்கின்றன. பழைய குழியை மண்ணிட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் புதியது வெட்டலாம். சில பேர்ச் நிலத்தில் அதை எத்தனை முறை செய்ய முடியும்? ஆள் பிடித்து வாளியால் அள்ளிப் புதைக்கலாம். அது மனிதருக்குச் செய்யும் அநியாயம். அல்லது அடைமழை பெய்யும் இரவில் குழியின் வாயை ஓயாப் பக்கம் திறந்துவிடலாம். கடைசி வழியைத்தான் பலரும் எடுக்கிறார்கள் என்பது ஊரில் யாவரும் அறிந்தது. அவர்கள் மீது தொல்லைகள் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது எளிது. ஆனால், சட்டத்துக்கு அமைய நடக்க ஒரு வழியைக் கொடுக்காமல் தண்டிப்பதை நான் நியாயமென்று ஏற்க மாட்டேன்.

சரிவில் இருக்கும் உறிஞ்சு குழிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல்வீட்டின் குழிநீர் மண்ணுக்குள் இறங்கி, கீழ்வீட்டின் அணைச்சுவரில் கசிகிறது. அந்த அக்காவின் வீட்டுப் பின்சுவரில், இடுப்பளவு உயரத்தில், மழையில்லாத நாளிலும் காயாத கறுத்த ஈரம் ஒரு கோடாக ஓடுகிறது. சுவரின் அடியிலுள்ள நீர்த்துளையில் சோப்பு நுரை கலந்த நீர் சொட்டுகிறது. ஈரம் ஊறிய சரிவு பலவீனமடையும் என்பதை மண்சரிவு கண்ட மலையகத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் சரிவுகளில் கட்டடம் கட்டக்கூடாது என்ற நடைமுறை 2011ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் குழிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தேயிலைத் தோட்டங்களின் நிலை இதைவிடப் பின்தங்கியது. நெடுங்காலமாகப் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்யச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்திய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. திறந்த கதவின் வழியாகக் கலி பவுசர் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகிறதா என்றால், தோட்டப் பாதை பவுசரின் பாரத்தைத் தாங்காது என்ற பதிலே கிடைக்கிறது. புதிய வீடமைப்புத் திட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 பேர்ச் நிலம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குழி வெட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகச் சரிவில் அமைந்த அந்த வீடுகளுக்குக் கீழேதான் ஊற்றுநீர் பிடிக்கும் பீலிக்கரை இருக்கிறது. அந்தப் பீலித் தண்ணீரைத்தான் பணியத்தில், அதாவது கீழே, இருப்பவர்கள் குடிக்கிறார்கள். கம்பளையில் 2007ஆம் ஆண்டு செங்கமாரி பெருவாரியாகப் பரவியதை மறந்துவிட்டுக் குழிகளின் இடைவெளியைப் பற்றிப் பேச முடியாது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. உறிஞ்சும் பம்பிக்குத்தான் காற்றழுத்தம் எல்லை போடுகிறது. குழியின் பக்கத்திலேயே வைத்து மேல்நோக்கித் தள்ளும் பம்பிக்கு அந்த எல்லை கிடையாது. இருவர் சுமந்து செல்லக்கூடிய சிறிய சேற்றுப் பம்பியும், வீதியோரத்தில் நிற்கும் பவுசர் வரை எட்டும் நீண்ட அழுத்தக் குழாயும் இருந்தால் எங்கள் சரிவிலுள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சேவை கிடைக்கும். ஒடுக்கமான சேரிகளில் இருக்கும் குழிகளுக்காகக் கையால் இயக்கும் சேற்றுப் பம்பிகள் ஆபிரிக்க நகரங்கள் சிலவற்றில் பயன்பாட்டில் இருக்கின்றன. குறுகிய தோட்டப் பாதைகளுக்கு டிராக்டரில் பூட்டிய சிறிய பவுசர் போதும். பெரிய பவுசர் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இவை எல்லாம் சிறு செலவுகளே.

இன்னொரு கேள்விக்கும் எனக்கு விடை வேண்டும். எங்கள் தாங்கியில் எடுத்ததைப் பவுசர் எங்கே கொண்டுபோய்க் கொட்டியது? சாரதியிடம் கேட்டபோது, சபையின் குப்பை மேட்டுக்கு என்றார். அங்கே குழிவெட்டி மண்ணிட்டு மூடுகிறார்களா, உலர்த்தும் படுக்கை இருக்கிறதா, மழைக்காலத்தில் அது எங்கே வழிகிறது என்பதை அவர் சொல்ல வேண்டியவர் அல்லர். ஆகையால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு எழுத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த விடை எங்கள் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. ஹட்டன் நகரத்தை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கத்து நீர் ஹட்டன் ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. மறுபக்கத்தில் திக்கோயாப் பக்கத்து நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. களனியிலிருந்து அம்பத்தளையில் எடுக்கும் நீரைத்தான் கொழும்பில் கோடிக்கணக்கான ரூபா செலவிட்டுச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். மலையகச் சபையொன்றுக்கு உலர்த்தும் படுக்கை கட்ட நிதி கேட்டால், அது கொழும்பின் குடிநீருக்குச் செய்யும் செலவு என்றே மத்திய அரசு கருத வேண்டும்.

சேவையைப் பெற நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எங்கள் மேற்குச் சரிவில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், பெப்ரவரி, மார்ச் மாதங்களில் விண்ணப்பியுங்கள். அடைமழையில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போது தாங்கியை முற்றாக வெறுமையாக்கினால், பிளாஸ்டிக் தாங்கிகள் மண்ணிலிருந்து மேலெழும்பக்கூடும். மூடியை மண்ணால் மறைத்திருந்தால் முதல்நாளே தோண்டி வையுங்கள். பம்பர்ஸ், சனிட்டரி நப்கின், பொலித்தீன் எதுவும் உள்ளே இருந்தால் குழாய் அடைபட்டு, வேலை பாதியில் நிற்கும். கூரைத் தண்ணீரைத் தாங்கியோடு இணைத்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். ஒரு பெருமழை சேற்றையெல்லாம் கலக்கி உறிஞ்சு குழிக்குள் தள்ளிவிடும். மணம் போக்குவதற்கென்று அசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அளவில்லாமல் ஊற்றினால், தாங்கிக்குள் வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுவோம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது பரிசோதகர் கேட்கிறார். வேலை நடக்கும்போது கட்டாயம் பக்கத்தில் இருந்து, ஏட்டை உடைத்துக் கலக்கச் சொல்லுங்கள், டீ குழாயைக் காட்டச் சொல்லுங்கள்.

சபை தனது அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்துக்குப் பொதுமக்களின் யோசனைகளைக் கேட்டு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. தள்ளு பம்பி ஒன்றும் நீண்ட அழுத்தக் குழாயும் வாங்க வேண்டும், நிபந்தனைத் தாளைத் தமிழில் அச்சிட வேண்டும், தொழிலாளர்களுக்கு முகக்கவசம் கொடுக்க வேண்டும், பள்ளத்து வீடுகளை முன்கூட்டியே பார்த்து எட்டும் எட்டாது என்று சொன்ன பிறகே பணம் வாங்க வேண்டும் என்ற நான்கு கோரிக்கைகளோடு எங்கள் வீதிக்காரர்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். படிக்கட்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்காரர்கள்தான் அதில் முதலில் கையொப்பமிட்டார்கள். மற்றவர்கள் கையொப்பமிடுவதற்கு அது எங்கள் கீழ்க்கடையில், பணம் வாங்கும் மேசையில் இருக்கிறது.